பழைய லாரிக்குப் புதிய எஞ்சின்: செப்பனிடுவதா, மாற்றுவதா?

லாரித் தொழிலில் நீண்டகாலம் நிலைத்து நிற்கும் வாடிக்கையாளர் எவரும் ஒருமுறையேனும் இக்கேள்வியைச் சந்திக்கிறார். சேசிஸ் உறுதியாக இருக்கிறது, பாடியும் தாங்குகிறது, எஞ்சின் மட்டும் தளர்ந்துவிட்டது. ஆயில் குறைகிறது, புகை கூடுகிறது, லோடு ஏற்றினால் மேட்டில் இழுக்க மறுக்கிறது. அந்த எஞ்சினையே பிரித்து முழு வேலை பார்ப்பதா, அல்லது அதைக் கழற்றிவிட்டு இக்கால எஞ்சின் ஒன்றைப் பொருத்துவதா? இக்கேள்வியோடு வங்கிக்கு வருபவர் பெரும்பாலும் மெக்கானிக் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டு ஒன்றையே கையில் கொண்டு வருகிறார். அச்சீட்டில் எழுதப்படாத செலவுகள் பல. அவற்றையே இக்கட்டுரையில் சற்று விரிவாகக் காண விழைகிறோம்.

வங்கிப் பணியில் இடமாற்றம் நம்மை எங்கெங்கோ கொண்டு சேர்க்கும். அவ்வகையில் ஜாம்ஷெட்பூரில் நாம் கழித்த ஆண்டுகள் லாரியைப் பற்றி நமக்குக் கற்பித்தவை மிகுதி. இந்திய லாரியின் பிறந்த ஊர்களுள் ஒன்று அது. 1945-இல் ரயில் எஞ்சின் செய்யத் தொடங்கப்பெற்ற டெல்கோ நிறுவனம், 1954-இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டு லாரி உற்பத்தியில் இறங்கியது. டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் என்ற பெயரில், முன்முகப்பில் மூன்று முனை விண்மீனைத் தாங்கி அவ்வண்டிகள் நாடெங்கும் ஓடின. 1969-இல் உடன்பாடு முடிவுற்றபின் விண்மீன் மறைந்து நிறுவனத்தின் சொந்தச் சின்னம் வந்தது. வண்டியின் வார்ப்பு மட்டும் பல்லாண்டுகள் அதிகம் மாறவில்லை. வட்டமுகப்புக் கொண்ட 1210 என்னும் மாடலை ஐம்பது வயதைக் கடந்த நம் வாசகர் எவரும் மறந்திருக்கமாட்டார்.

அவ்வண்டிகளின் எஞ்சின் எண்களிலேயே அவற்றின் அமைப்பு அடங்கியிருந்தது என்று அவ்வூர்ப் பட்டறைகளில் அறிந்தோம். 697 என்றால் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றின் துளைவிட்டம் 97 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 5.7 லிட்டர். மின்னணுக் கருவி எதுவும் அதில் இல்லை. ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரியைக் கழற்றினாலும் நில்லாது ஓடும் எஞ்சின் அது. அசாமிலோ ராஜஸ்தானிலோ நெடுஞ்சாலையோர மரத்தடியில் அமர்ந்திருக்கும் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிரித்துச் சேர்ப்பார்.

அத்தகைய லாரி ஒன்றின் பொருட்டே ஒரு சீக்கிய வாடிக்கையாளர் நம் கிளைக்கு வந்தார். ஜாம்ஷெட்பூரில் லாரித் தொழில் நடத்தும் சீக்கியக் குடும்பங்கள் பல உண்டு. இவருடைய தந்தையார் 1978-இல் வாங்கிய 1210 அது. அன்றைய பிரிக்கப்படாத பீகாரில் பதிவானது. அவ்வண்டியின் வருவாயில்தான் வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள், பின்னர் நான்கு புதிய லாரிகளும் வந்தன. இப்போது அது நெடுந்தொலைவு போவதில்லை. ஆதித்யபூர் தொழிற்பேட்டைக்குள் வார்ப்புக்கூடங்களுக்கிடையே இரும்புச் சாமான் ஏற்றி மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் அளவில் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினோ லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டருக்குமேல் கொடுக்க மறுத்தது. விற்கலாமென்றால் பழைய இரும்பு விலைக்குத்தான் கேட்டார்கள்.

"மேனேஜர் சாப், விற்க மனம் வரவில்லை. இப்படியே ஓட்டவும் முடியவில்லை. புது மாடல் எஞ்சின் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஐந்து லட்சம் கொடுத்தால் வண்டி இன்னும் இருபது வருடம் ஓடும்" என்றார்.

கடன் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தோம். திருப்பிச் செலுத்தும் திறனில் ஐயமில்லை. மற்ற லாரிகளின் கணக்கு ஒழுங்காக இருந்தது. அவர் கேட்ட தொகையை வழங்குவதில் வங்கிக்குத் தடையேதும் இருந்திருக்காது. எனினும் ஒரு முதலீட்டுக்குக் கடன் கொடுக்கும்போது அது விளைவிக்கப்போவது என்ன என்று கேட்பது அதிகாரியின் கடமை. ஆகவே வண்டி நிற்கும் பட்டறைக்கே சென்று பார்த்து வரலாமென்று முடிவு செய்தோம்.

பட்டறையின் மிஸ்திரி எழுபதை எட்டியவர். வாடிக்கையாளர் அவரைச் சாச்சா என்று அழைத்தார். அவர் இவரைப் பேட்டா என்றார். தந்தையார் காலத்திலிருந்தே அவ்வண்டிக்கு வேலை பார்ப்பவர் அவர்தாம். மாற்றத்திற்கு உடன்படாதவர் என்று சொல்லிவிட முடியாது. கூலி அவருக்குத்தானே வரப்போகிறது! ஆயினும் அவர் சொன்னது இது: "பேட்டா, இந்த எஞ்சினை இன்று இறக்கி, நாளை வேறொன்றை ஏற்றிக் கொடுத்துவிடுவேன். நாளை மறுநாள் கியர்பாக்ஸுக்கு யார் பதில் சொல்வது?"

இக்கேள்வியில்தான் தொழில்நுட்பச் செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது. எஞ்சின் தனித்து இயங்கும் பொருளன்று. அது உண்டாக்கும் முறுக்குவிசை கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் ஹவுசிங்கிலுள்ள கிரௌன் வீல், ஆக்ஸில் என ஒவ்வொன்றாகக் கடந்து சக்கரத்தை அடைகிறது. இவையனைத்தும் பழைய எஞ்சின் கொடுக்கும் விசையைக் கணக்கிட்டு வடிக்கப்பெற்றவை. இக்கால ஐந்து லிட்டர் டர்போ எஞ்சின் அதைப் போல் இருமடங்கிற்கும் மேற்பட்ட முறுக்குவிசையைக் குறைந்த சுழற்சியிலேயே தரவல்லது. அவ்விசை வந்து மோதும்போது சங்கிலியின் நலிந்த கண்ணி எதுவோ அது முதலில் அறும். கியர்பாக்ஸை மாற்றினால் ஷாஃப்டின் நீளம் மாறும். ஹவுசிங்கை மாற்றினால் பின் பிரேக் டிரம்மும் மாறும். ஐந்து லட்சம் என்று தொடங்கியது எங்கே முடியும் என்பதை அச்சீட்டு சொல்லவில்லை.

பிரேக் இன்னும் முக்கியமானது. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தை எண்ணி அமைக்கப்பட்ட பிரேக்கைக் கொண்டு எண்பதில் வரும் வண்டியை நிறுத்த இயலாது. அதுமட்டுமன்று, பிரேக்குக்கு வேண்டிய காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரை ஓட்டுவதும் எஞ்சினே. வாங்கும் எஞ்சினில் கம்ப்ரஸர் இருக்கிறதா, அதன் அளவு இந்த வண்டியின் காற்றுத் தொட்டிகளுக்குப் போதுமா என்று எத்தனைபேர் கேட்கிறார்கள்? ஸ்டார்ட்டர் மோட்டார் 24 வோல்ட், வண்டியின் வயரிங் 12 வோல்ட் என்று நேர்ந்தால் விளக்கு முதல் ஹாரன் வரை மாற்ற வேண்டியிருக்கும். ஆயில் சம்ப் முன் ஆக்ஸிலில் இடிக்கும்; மவுண்டிங்கை வெட்டி ஒட்ட நேரிடும்; ரேடியேட்டர் முன்னுக்குத் தள்ளப்படும்.

இக்கால எஞ்சின் என்பதன் பொருளையும் இங்கே சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். பழைய எஞ்சினில் நாசில் திறக்க இருநூறு பார் அளவிலான அழுத்தம் போதும். இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் டீசல் ஆயிரத்தறுநூறு பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் காத்திருக்கிறது. நாற்பதாண்டுப் பழைய டேங்கின் அடியில் கிடக்கும் துரு சிறிது போய்ச் சேர்ந்தாலும் அந்த இன்ஜெக்டர்கள் கெட்டுவிடும். எஞ்சினை ஆளும் கணினி, தன்னோடு பிறந்த மற்றக் கருவிகளிடமிருந்து செய்தியை எதிர்பார்க்கிறது. செய்தி வராவிடில், கோளாறு என்று கருதித் தன் வலிமையைத் தானே குறைத்துக்கொள்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 தரத்து எஞ்சினாயின், யூரியாக் கரைசல் தொட்டியும் சைலென்சரில் அமைந்த சுத்திகரிப்புக் கருவியும் சேர்ந்தால்தான் அது முழுமை பெறும். அவற்றை நீக்கிவிட்டு எஞ்சினை மட்டும் பொருத்திவிட்டுப் பி.எஸ். 6 வண்டி என்று பெருமை பேசுவதில் பொருளில்லை.

அப்படியானால் எஞ்சின் மாற்றமே தவறா என்று கேட்கலாம். இல்லை. இந்திய மோட்டார் வண்டிகளின் வரலாற்றில் அது வெற்றிபெற்ற இடங்கள் உண்டு. மஹிந்திரா ஜீப் பெட்ரோலில் தொடங்கி டீசலுக்கு மாறியது. பின்னர் பிரான்சின் பெஷோ நிறுவன வடிவமைப்பிலான டீசல் எஞ்சினைத் தாங்கி நெடுங்காலம் ஓடியது. அம்பாசடர் காருக்கு 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு எஞ்சின் வந்தது. டாட்டா லாரிகளும் அவ்வாறே. 1993-இல் ஜாம்ஷெட்பூரிலேயே டாட்டா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் தோன்றி, அதன் 5.9 லிட்டர் எஞ்சின் லாரிகளில் இடம்பெற்றது. இவற்றையெல்லாம் செய்தவர் உற்பத்தியாளர். இசுசு எஞ்சினை வைத்த கையோடு அம்பாசடருக்கு ஐந்து கியர் கொண்ட கியர்பாக்ஸையும் வைத்தார்கள். எஞ்சினுக்கு ஏற்பச் சங்கிலியின் மற்றக் கண்ணிகளையும் மாற்றிச் சோதித்து, அரசின் ஒப்புதல் பெற்று விற்றார்கள். அப்பணிக்கு அவர்களுக்கு ஆண்டுகள் பிடித்தன. பட்டறையில் ஒரு வாரத்தில் அதைச் செய்துவிட முடியும் என்று நம்புவதில்தான் இடர் இருக்கிறது.

இனிக் கணக்கு. வங்கி அதிகாரி எழுதும் கட்டுரையில் கணக்கு இல்லாமற்போனால் வாசகர் ஏமாற்றமடைவார்!

எடுத்துக்காட்டிற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். டீசல் லிட்டர் 90 ரூபாய். கடன் வட்டி ஆண்டுக்கு 11 விழுக்காடு. தேய்ந்த எஞ்சின் லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர் தருகிறது. முழு வேலை பார்த்தால் 4. புதிய எஞ்சின் வைத்தால் 5. மாற்றச் செலவு 5 லட்சம். முழு வேலைக்கு 1.5 லட்சம். நம் வாடிக்கையாளரின் வண்டி மாதம் 500 கிலோமீட்டர் ஓடுகிறது. இப்போது அதற்கு 143 லிட்டர் டீசல் வேண்டும். புதிய எஞ்சினானால் 100 லிட்டர். மிச்சம் 43 லிட்டர், அதாவது 3,870 ரூபாய். நல்ல மிச்சம்தான். ஆனால் ஐந்து லட்சத்துக்கு முதல் ஆண்டில் மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 4,580 ரூபாய் ஆகிறது. மிச்சப்படும் டீசல் வட்டியைக்கூடக் கட்டவில்லை. அசல் அப்படியே நிற்கிறது.

முழு வேலை பார்த்தால் 125 லிட்டர் போதும். மிச்சம் 18 லிட்டர், 1,620 ரூபாய். ஒன்றரை லட்சத்துக்கு மாத வட்டி 1,375 ரூபாய். மயிரிழையில்தான் என்றாலும் வட்டியைத் தாண்டிவிடுகிறது. அசலை வண்டியின் வாடகை வருவாயிலிருந்துதான் அடைக்க வேண்டும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மெக்கானிக்கின் சீட்டும் விற்பவரின் பேச்சும் எப்போதும் தேய்ந்த எஞ்சினையும் புதிய எஞ்சினையும் ஒப்பிடுகின்றன. ஒப்பிட வேண்டியது, செப்பனிட்ட பழைய எஞ்சினையும் புதிய எஞ்சினையும்தான். கூடுதலாகச் செலவிடும் மூன்றரை லட்சம் வாங்கித் தருவது 125-க்கும் 100-க்கும் இடைப்பட்ட 25 லிட்டரை மட்டுமே என்பது அப்போது விளங்கும்.

இதே கணக்கை மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் லாரிக்குப் போட்டால் விடை வேறாகிறது. செப்பனிட்ட எஞ்சினைவிடப் புதிய எஞ்சின் மாதம் 150 லிட்டர், அதாவது 13,500 ரூபாய் மிச்சம் பிடிக்கிறது. கூடுதல் மூன்றரை லட்சத்துக்கு மாத வட்டி ஏறத்தாழ 3,210 ரூபாய் போக, மூன்றாண்டுக்குள் அசலும் திரும்பிவிடும். ஓட்டம்தான் விடையைத் தீர்மானிக்கிறது. ஆயினும் அவ்வளவு ஓட்டம் உள்ளவர் நாற்பதாண்டுப் பழைய சேசிஸின்மீது ஐந்து லட்சத்தைக் கொட்டுவதைவிட, ஐந்தாறு ஆண்டு ஓடிய லாரி ஒன்றைக் கடனில் வாங்குவதே மேல் என்பது நம் கருத்து. அதற்குக் கடன் கிடைப்பதும் எளிது. வண்டியே ஈடாக நிற்கும். பழைய லாரியில் போட்ட எஞ்சினின் விலையோ வண்டியின் விற்பனை மதிப்பில் பெரும்பாலும் ஏறுவதில்லை.

இவ்வளவையும் கடந்து மாற்றியே தீர்வது என்று முடிவெடுப்பவர் அடுத்துச் சந்திப்பது சட்டம். ஆர்.சி.யில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் அருகருகே அச்சாகியிருப்பது சும்மா அன்று. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது என்கிறது. வண்டிகளில் செய்யும் மாற்றங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2019 சனவரி 9 அன்று வழங்கிய தீர்ப்பும் இதையே வலியுறுத்தியது. அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை வைப்பது ஒன்று. வேறு தயாரிப்பு, வேறு வகை எஞ்சினை வைப்பது முற்றிலும் வேறு. முன்னதற்கு வழி தெளிவாக உள்ளது. விலைச்சீட்டைக் காட்டி, ஒப்புதல் பெற்று, மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வண்டியைக் காண்பித்து, புதிய எண்ணைச் சான்றில் ஏற்றிக்கொள்ளலாம். பின்னதற்குப் பதிவு அலுவலகம் இணங்குமா என்பதை எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்குமுன் எழுத்து மூலம் கேட்டறிந்துகொள்வது இன்றியமையாதது. வாய்மொழி உறுதியை நம்பிப் பணம் கொடுப்பது கூடவே கூடாது.

தவணைக் கொள்முதல் உடன்படிக்கையில் உள்ள வண்டியாயின், பதிவு உரிமையாளரின் எழுத்து மூலமான இசைவின்றி மாற்றம் செய்யலாகாது என்று அதே பிரிவு கூறுகிறது. வங்கிக் கடனில் வாங்கி, ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஏறியுள்ள வண்டிக்கும் கடன் ஒப்பந்தத்தில் இதையொத்த நிபந்தனை இருக்கும். வங்கி ஈடாக ஏற்றது அந்த எண்ணுள்ள எஞ்சினோடு கூடிய வண்டியை. எண் மாறினால் நம் பதிவேடும் மாற வேண்டும். வாடிக்கையாளர் சிலர் இதைத் தேவையற்ற தலையீடாகக் கருதுகிறார்கள். கடனை அடைத்தபின் ஈட்டுப் பதிவை நீக்கக் கோரும் நாளில், கிளையின் கோப்பில் ஓர் எண்ணும் வண்டியில் வேறோர் எண்ணும் இருந்தால் அலைச்சல் யாருக்கு என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேறொரு வாடிக்கையாளருக்கு இது பட்டறிவாகவே நேர்ந்தது. பழைய உதிரிப் பொருள் சந்தை ஒன்றில் நல்ல நிலையில் எஞ்சின் கிடைத்ததென்று யாரிடமும் சொல்லாமல் வாங்கி மாட்டிவிட்டார். டெல்லியின் மாயாபுரி, மும்பையின் குர்லா, சென்னையின் புதுப்பேட்டை போன்ற சந்தைகள் பல ஊர்களில் உண்டு. நேர்மையான வணிகர்களும் அங்கே பலர். ஆனால் இவர் வாங்கிய எஞ்சினுக்கு விலைச்சீட்டு இல்லை. அது எந்த வண்டியிலிருந்து வந்ததென்ற சான்றும் இல்லை. மூன்று மாதம் வண்டி நன்றாகவே ஓடியது. பிறகு ஆண்டுத் தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்டப் போனபோது எண் பொருந்தவில்லை. அந்த எஞ்சினின் பூர்வீகத்தை நிறுவ அவரால் இயலவில்லை. திருட்டு வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்துவிட்டால் அது காவல்துறை வரை போகும். ஏழு வாரம் வண்டி நின்றது, தவணை நிற்கவில்லை. இறுதியில் தம் பழைய எஞ்சினைத் தேடிப் போனார். அது அதற்குள் பழைய இரும்பாக உருக்குலைக்குப் போய்விட்டிருந்தது.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாலிசியில் எழுதியுள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மாற்றத்தைத் தெரிவிக்காவிடில் இழப்பீடு கோரும்போது நிறுவனம் மறுப்பதற்கு நாமே காரணத்தைக் கொடுத்தவராவோம். ஐந்தாண்டைக் கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பு இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. எனவே எஞ்சினுக்குச் செலவிட்டதை அப்போதே பில்லோடு காட்டிப் பேச வேண்டும்.

எஞ்சின் புதிதானால் வண்டியும் புதிதாகிவிடும் என்றொரு நம்பிக்கை பரவலாக உள்ளது. சட்டத்தின் கண்ணில் வண்டியின் வயது முதற்பதிவு நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டைக் கடந்த டீசல் வண்டிகள் ஓடலாகாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டபோதும் பார்த்தது எஞ்சினின் வயதையன்று, வண்டியின் வயதையே. எட்டாண்டைக் கடந்த வணிக வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். எஞ்சினை மாற்றியதால் அக்கடமை நீங்காது. புகைச் சோதனையிலோ, பி.எஸ். 4-க்கு முற்பட்ட டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரை இடமுண்டு. பம்ப்பும் நாசிலும் சரியாகச் சீரமைத்த பழைய எஞ்சின் இவ்வரம்புக்குள் நிற்கக்கூடியதே. புகைக்கு அஞ்சி எஞ்சினை மாற்ற நினைப்பவர் முதலில் டீசல் பம்ப் பட்டறைக்குப் போய்வருவது நலம்.

பழமையைப் போற்றுவோருக்கு ஒரு சொல். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட பழம்பெரும் வாகன விதிகள், ஐம்பதாண்டைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப்பதிவு வழங்குகின்றன. எஞ்சினிலும் சேசிஸிலும் பெருமாற்றம் செய்யப்படாதிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வண்டிகளை வணிகத்துக்கு ஓட்டலாகாது. ஆதலால் லோடு அடிக்கும் லாரிக்கு இப்பதிவு பயன்படாது. ஆனாலும் பழமைக்கு மதிப்பு எங்கே இருக்கிறதென்பதை அவ்விதி சுட்டுகிறது. மூல எஞ்சினோடு உள்ள வண்டியைத் தேடி வருபவர், மாற்று எஞ்சின் பூண்ட வண்டியைக் கண்டு திரும்பிப் போவார்.

ஜாம்ஷெட்பூர் வாடிக்கையாளரின் லாரி என்னவாயிற்று? கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. வட்டியைக்கூட மிச்சம் அடைக்காது என்ற வரியை இருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அவர் சொன்னது நாம் எதிர்பாராதது. எண்பதைக் கடந்த தந்தையாருக்குக் கண் பார்வை மங்கிவிட்டதாம். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தைக் கேட்டு, வந்துவிட்டது என்று கட்டிலில் எழுந்து உட்காருவாராம். எஞ்சின் மாற்றப்போவதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றார். விற்காமல் காக்க வேண்டுமென்றுதான் புதிய எஞ்சினைத் தேடினார். தந்தையாரோ அந்த எஞ்சினைத்தான் வண்டி என்று அறிந்திருந்தார்.

ஒன்றரை லட்சம் கடன் வழங்கினோம். சிலிண்டர் லைனர், பிஸ்டன், பேரிங் முழுவதும் புதிதாயின. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தார்கள். பம்ப்பைப் பிரித்துச் சீரமைத்தார்கள். வேலை முடிய மதிப்பிட்டதைவிடப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கூடுதலாயிற்று. அதை அவரே போட்டுக்கொண்டார். வண்டி நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே கொடுத்தது. ராஞ்சிச் சாலையின் தைமாரா ஏற்றத்தில் முழு லோடோடு இன்றும் அதனால் விரைந்து ஏற இயலாது. அந்த வேலை அதற்குக் கொடுக்கப்படுவதுமில்லை.

எஞ்சின் மாற்றம் தக்கதாகும் நிலைகளும் உண்டு என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறோம். பிளாக் வெடித்து, அதே வகை எஞ்சின் எங்கும் கிடைக்காத நிலை ஒன்று. அதே மாடலுக்கு உற்பத்தியாளரே பிற்காலத்தில் வேறு எஞ்சின் அமைத்து விற்றிருந்து, அதற்குரிய கியர்பாக்ஸும் ஹவுசிங்கும் சேர்த்தே கிடைக்கும் நிலை மற்றொன்று. எரிபொருளையே மாற்ற விரும்புவோருக்கு, அரசு ஒப்புதல் பெற்ற மாற்றுக் கருவிகளைப் பொருத்தச் சட்டம் இடம் தருகிறது. வண்டியே தளர்ந்துபோயிருந்தால், பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்று பெறலாம். அச்சான்றைக் காட்டி வாங்கும் புதிய வணிக வண்டிக்குச் சாலை வரியில் 15 விழுக்காடு வரை சலுகை தர மாநிலங்களுக்கு வழிவகை செய்யப்பட்டுள்ளது.

மாற்றத்தான் போகிறோம் என்று முடிவு செய்தவர், எஞ்சினுக்குப் பணம் கொடுக்குமுன் கிளைக்கு வரட்டும். பதிவு அலுவலகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல், விற்பவரின் ஜி.எஸ்.டி. விலைச்சீட்டு, எஞ்சின் வேறு வண்டியிலிருந்து கழற்றியதாயின் அவ்வண்டியின் பதிவு நீக்கப்பட்டதற்கான சான்று, எஞ்சின் மட்டுமன்றிக் கியர்பாக்ஸ், பிரேக், வயரிங் அனைத்தும் அடங்கிய பட்டறை மதிப்பீடு ஆகியவை கையில் இருந்தால் கடன் முடிவு விரைவாகும். தொகையை ஒரே தவணையில் கேட்காமல், எஞ்சினுக்கு ஒரு பகுதி, வேலை முடிந்து ஆய்வாளர் பார்த்தபின் மறுபகுதி எனப் பெற்றுக்கொண்டால் வட்டியும் குறையும். பட்டறையும் வேலையை இழுத்தடிக்காது. கழற்றிய பழைய எஞ்சினை, புதிய எண் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏறிக் கைக்கு வரும்வரை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். தார்ப்பாய் போட்டு மூடிப் பட்டறையின் ஒரு மூலையில் வைத்திருங்கள்.